நாலெல்லை அண்ணாச்சி கலைக்கு எழுதிய பத்திரம்

உலகத்தில் கலையைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஆனால் வயலுக்கு எழுதுவதுபோல அதற்கு நாலு எல்லை குறித்துப் பத்திரம் எழுதிய மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் நாலெல்லை அண்ணாச்சி. தென்காசி பத்திர ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுவது அவருக்கும் எனக்கும் தொழில். எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருப்பார் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஒரு வரி எழுதுவார், எழுந்து தெருமுனை வரை போய்வருவார், வந்து அடுத்த வரி எழுதுவார். ஒரு கிரயப் பத்திரம் முடிவதற்குள் குற்றாலத்துக்கே நடந்து போய்த் திரும்பியிருக்கலாம். பத்திரம் எழுதிக்கொள்ள வந்தவர்கள் பின்னாலேயே ஓடி விவரம் சொல்லவேண்டும்.

எல்லாம் ஒரு சீசன் சமயத்தில் ஆரம்பித்தது. குற்றாலத்துக்குக் குளிக்க வந்திருந்த பிரசங்கி ஒருவரைப் பிடித்து வாசகசாலையில் பேசவைத்தார்கள். சமையலும் கலை, தூங்குவதும் கலை, மூச்சு விடுவதும் கலை என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். கூட்டம் கை தட்டியது. அண்ணாச்சிக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. பாதியில் எழுந்தவர் என்னையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

“எல்லை இல்லாத சொத்து உண்டுமா வே? எல்லாமே கலைன்னா எதுதான் கலை? நாளைக்கு ஒரு வில்லங்கம்னு வந்தா யாரு பதில் சொல்லுதது?” என்றார்.

மறுநாளே காகிதத்தை எடுத்துவிட்டார். வடக்கெல்லை உபயோகம் என்று எழுதினார். ஒரு காரியத்துக்குப் பயன்படுகிற எதுவும் கலைக்கு வடக்கே கிடக்கவேண்டியது. இதை அவர் ஊருக்கு அறிவித்தது சவரம் செய்துகொண்டிருக்கும்போது. அப்படியென்றால் என் தொழில் எந்தப் பக்கம் என்று சவரத் தொழிலாளி கேட்டார். சந்தேகமே இல்லை, வடக்கேதான் என்றார் அண்ணாச்சி. தொழிலாளி கத்தியை மடக்கிப் பெட்டியில் வைத்துவிட்டார். அப்போது ஒரு கன்னம்தான் முடிந்திருந்தது. ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் மறு கன்னமும் முடிந்திருக்கும். நட்ட எல்லைக்கல்லைப் பிடுங்குவதா என்று அண்ணாச்சி பாதித் தாடியோடு ஆபீசுக்கு வந்தார். ஆலங்குளத்திலிருந்து பத்திரம் பதிய வந்த ஒரு பெரியவர் அது ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கிழக்கெல்லை இயற்கை. இதற்காகப் பெரிய அருவிக்கு அடியிலேயே சண்டை நடந்தது. உடம்பெல்லாம் எண்ணெயோடு முண்டியடித்துக்கொண்டு உள்ளே போன இடத்தில், பட்டணத்து மனிதர் ஒருவர் தண்ணீரைப் பார்த்து ஆஹா, என்ன கலை என்று சொல்லித் தொலைத்தார். அண்ணாச்சி குளிப்பதை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டார். அருவி ஆண்டவன் சொத்து, அதில் கலைக்குப் பாத்தியம் கிடையாது என்று தண்ணீர் இரைச்சலுக்கு மேலே கத்தினார். பட்டணத்துக்காரர் துண்டை விட்டுவிட்டு ஓடினார்.

தெற்கெல்லை வித்தை. கயிற்றின்மேல் நடப்பவர், வாயால் ரயில் ஓட்டுபவர், மேடையில் மூச்சுப் பிடித்து ராகம் இழுப்பவர் எல்லாரையும் அந்தப் பக்கம் தள்ளினார். அந்த நாட்களில் அவருக்குச் சோறும் இறங்கவில்லை, வேலையும் ஓடவில்லை. ஒரு சம்சாரியின் வயலுக்கு எல்லை எழுதும்போது, தெற்கே வித்தை என்று எழுதிவிட்டார். வாசித்துக் காட்டியபோது அந்த மனுஷன் பதறிப்போனார். “அண்ணாச்சி, எனக்குத் தெக்க என் மச்சான் வயலுல்லா கெடக்கு?”

மேற்கெல்லை மெஷின். கிராமபோன், ஃபோட்டோ இரண்டையும் வெளியே தள்ளுவதற்கென்றே போட்ட எல்லை அது. அந்த வருஷம் குற்றாலத்தில் சண்முகம் என்ற வாலிபர் புதிதாக ஃபோட்டோக் கடை போட்டிருந்தார். வீரகேரளம்புதூர்க்காரர், மேலகரத்தில் வீடு பிடித்திருந்தார். சாரலில் காமிரா நனைந்துவிடும் என்று கடைக்குள்ளேயே அருவிச் சித்திரம் எழுதிய படுதா ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். ஜனங்கள் நிஜ அருவியில் குளித்துவிட்டு வந்து படுதா அருவியின்முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி இதையும் தீர விசாரித்தார். நிஜ அருவி கலைக்குக் கிழக்கே, படுதா கலைக்கு உள்ளே, படுதாவை எடுத்த ஃபோட்டோ கலைக்கு மேற்கே. தீர்ப்பை எழுதி முடித்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

அந்தக் கடைக்குத்தான் அவர் சம்சாரம் ஒருநாள் மகள் கோமதியைக் கூட்டிக்கொண்டு படம் எடுக்கப் போனார். காமிராவுக்குள் ஆள் தலைகீழாகத் தெரியும். தலைகீழாகப் பார்த்தும் சண்முகத்துக்குக் கோமதியைப் பிடித்துப்போயிற்று. கோமதி நேராகவே பார்த்தாள், அவளுக்கும் பிடித்தது. ஜாதகம் பொருந்தியது. பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, வடை எல்லாம் ஆகி, வெற்றிலைத் தட்டு நடுவில் வந்தது. இனி நாள் குறிக்கவேண்டியதுதான்.

சந்தோஷம் தாங்காமல் அண்ணாச்சி எழுந்து குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மாப்பிள்ளையைப் பாராட்ட நினைத்தார் பாவம். “கலைக்காரனுக்குப் பொண்ணு குடுத்தா பட்டினிதான் கெடக்கணும். நல்லவேளை, மாப்ள தொழிலு கலை இல்ல, மெஷினு” என்றார்.

சண்முகம் வாயில் போட இருந்த வெற்றிலையைத் தட்டில் வைத்தார். மதுரையில் எத்தனையோ கஷ்டப்பட்டு அந்தத் தொழிலைக் கற்றவர் அவர். “என் தொழிலு கலை இல்லன்னு சொல்லுத வீட்டுல நான் பொண்ணு எடுக்க முடியாது” என்று சொல்லிவிட்டு எழுந்தார். கூட வந்தவர்களும் எழுந்தார்கள்.

அதன்பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. அண்ணாச்சியின் சம்சாரம் சாதத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். உறவுக்காரர்கள் வேறு இடம் பார்க்கலாம் என்றார்கள். கோமதி மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். கட்டினால் அவர், இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று தாயாரிடம் சொல்லியிருந்தாள். அண்ணாச்சி அவளிடம் போய், தான் எழுதினது எவ்வளவு நியாயம் என்று வாசித்து விளக்க ஆரம்பித்தார். நான் அப்போது அங்கே இருந்தேன். கோமதி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

“எல்லாத்துக்கும் எல்லை எழுதிட்டிய. நான் அவுக வீட்டுக்குப் போயிட்டா, எந்தப் பக்கம் கெடப்பேன்ப்பா?” என்றாள்.

அண்ணாச்சி காகிதத்தை மடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அந்த வாரம் முழுவதும் அவர் நடந்த நடையைத் தென்காசி மறக்காது. குற்றாலம் ரோட்டில் விறுவிறுவென்று போவார், ஃபோட்டோக் கடை கண்ணுக்குத் தெரிந்ததும் அதே வேகத்தில் திரும்புவார். ஜட்கா வண்டிக்காரர்கள் அவருக்கு வழிவிட்டே அலுத்துப்போனார்கள். கடைசியில் ஒருநாள் என் எதிரே வந்து நின்று காகிதத்தை நீட்டினார். எழுதின பத்திரத்தில் தவறு இருந்தால் பிறகு பிழைதிருத்தல் பத்திரம் என்று ஒன்று எழுதிக்கொள்வது உண்டு. அதை எழுதச் சொன்னார்.

“நீரு எழுதும் வே. என் கை எழுத மாட்டேங்கு” என்றார்.

அவர் நடந்துகொண்டே சொன்னார், நான் எழுதினேன். மாலையில் என்னையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு மேலகரத்துக்குப் போனார். சண்முகம் வாவென்றும் சொல்லவில்லை, போவென்றும் சொல்லவில்லை. அண்ணாச்சி வாசலில் நின்றபடியே வாசித்தார். மேற்படி கலையின் மேற்கெல்லை மெஷின் என்று கண்டிருப்பது கைப்பிசகு. மேற்கெல்லையாவது, மேலகரத்தில் என் மகள் கோமதி குடியிருக்கப்போகும் வீடு. மேற்படி வீடும், வீட்டுக்காரர் கடையிலுள்ள காமிரா, படுதா, கறுப்புத் துணி சகலமும் இதில் அடக்கம். கோமதி என்ற இடத்தை மட்டும் இரண்டாம் தடவை வாசித்தார்.

சண்முகம் வாசல்படி வரை வந்தார். அப்போ ஃபோட்டோ கலைதான் என்று ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்தது. அண்ணாச்சிக்குத்தான் பொய்ப் பத்திரம் எழுதிப் பழக்கமில்லையே.

“அது எனக்குத் தெரியாது. என் மக இருக்கப்போற வீடு வெளிய கெடக்கக் கூடாது. அதான் எழுதுனேன்” என்றார்.

சண்முகம் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “உள்ள வாங்க மாமா, காப்பி குடிக்கலாம்” என்றார்.

திரும்பி வரும்போது மலைப்பக்கமிருந்து சாரல் அடித்தது. அண்ணாச்சி எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். மெஷின் மெஷின்தான், அதில் மாற்றமில்லை, எவன் வந்தாலும் வாதாடத் தயார் என்று வழியெல்லாம் எல்லாரையும் திட்டிக்கொண்டே வந்தார். நடு நடுவே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கலை என்றால் என்ன என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அந்தச் சாரலில் அவரோடு கூட நடந்தவன் நான் என்பதில் மட்டும் எனக்கு ஒரு பெருமை உண்டு.