சவப்பெட்டிக்கு வந்த சிமெண்டு

ஹாம்பர்க்கில் இருக்கும் ஃபீஃபி அண்ணனுக்கு, சால்ட்பாண்டிலிருந்து தங்கை அராபா எழுதுவது.

உயிரோடு இருக்கிற அப்பாவைவிட, செத்துப்போகப் போகிற அப்பாவின் மேல்தான் உனக்கு மரியாதை அதிகம். இதைத் திட்டாக எழுதவில்லை, தகவலாக எழுதுகிறேன். நீயும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஆண்டவர் அருளட்டும். இங்கே எல்லாம் சுகம், என் முதுகைத் தவிர.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருஷமாகிறது. சர்ச்சில் கொடுத்த சக்கர நாற்காலி கூடத்தில் இருக்கிறது, கழிப்பறை முற்றத்தின் கோடியில் இருக்கிறது, நடுவில் மூன்று படி. ஒவ்வொரு தடவையும் அவரை முதுகில் தூக்கி இறக்குகிறேன். படியை உடைத்துச் சரிவு போட்டுக் கொடு என்றால், "பார்க்கலாம்மா" என்பாய். சமூகநல அலுவலகத்துக்குப் போனேன். அது மாடியில். "சட்டமெல்லாம் பொதுக் கட்டடத்துக்குத்தாம்மா. வீட்டுக்கு நாங்க என்ன பண்றது? அதான் நீ இருக்கியே!" என்று அங்கிருந்த அம்மாள் பாராட்டி அனுப்பினாள்.

அப்புறம்தான் எவனோ ஒரு புண்ணியவான், குடும்பத் தலைவர் எபோ பெரியப்பாவிடம் போய், அப்பா இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டான். பெரியப்பா உனக்குப் போன் போட்டார். மறுநாள் விடிந்தால் வாசலில் உன் பணத்தில் சிமெண்டு, மணல், நீலப் பெயிண்டு, கொத்தனார் பான்யின். சாவுக்கு ஊரே வருமே, வீடு வீடாக இருக்க வேண்டாமா? "பெட்டியத் தோள்ல வச்சு ஆடிக்கிட்டு வருவானுங்க. படியில எவனாவது தடுக்குனா குடும்ப மானமே போயிடும். ஒடைச்சுச் சரிவாப் போடு" என்றார் பெரியப்பா.

அப்பா உள்ளே படுத்திருந்தார். "இன்னும் கொஞ்சம் அகலமாப் போடச் சொல்லு."

"யாரு உள்ள பேசறது?" என்று பான்யின் கரண்டியைக் கீழே போட்டான்.

"பொணந்தாம்ப்பா. நீ வேலையப் பாரு" என்றார் அப்பா.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டில் மீன் பொரித்த வாசனைக்கு அப்பா எழுந்து உட்கார்ந்து, இரண்டு கென்கே சோள உருண்டை சாப்பிட்டு, நாற்காலியில் வாசலுக்கு வந்துவிட்டார். பெரியப்பா பார்த்துவிட்டார்.

"ஏண்டா, இன்னுமா இருக்க?"

"உங்களக் கேக்காம எப்படிண்ணே போவேன்?"

அதோடு வேலை நின்றது. மிச்ச சிமெண்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். காரியம் நடக்கிற அன்றைக்கு வருமாம். பாதி சுவர் நீலமாக நிற்கிறது. சரிவு தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் முடிந்துபோகிறது. நேற்று அப்பா தானே உருட்டிக்கொண்டு அதன் நுனிவரை போனார். அங்கிருந்து கழிப்பறைக் கதவு நன்றாகத் தெரிகிறது. மீதி தூரத்துக்கு என் முதுகுதான்.

புரளி கிளப்பியவனைப் பிடித்துக் குடும்பத்தின் முன்னால் நிறுத்தணும் என்று போனில் கத்தினாய். நியாயம்தான். நானும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், அவர்களைத் தூக்க ஆள் தேவைப்படாமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அராபா

பின்குறிப்பு: அந்தப் புண்ணியவான் நான்தான். கண்ணைச் செருகுவதை அப்பா தானாகவே ஒரு வாரம் ஒத்திகை பார்த்தார். "இன்னொரு தடவ வேணும்னாலும் படுக்கறேன். இந்தத் தடவ வேலை முடியற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்" என்கிறார். அவர் படுக்கணுமா, வேண்டாமா? போன மூன்று கடிதங்களுக்கு நீ எழுதாத பதிலையும் சேர்த்து எழுது. இரண்டு மூட்டை சிமெண்டு போதும், அண்ணா. உயிரோடு இருக்கிற ஆளுக்கு அனுப்பு.