என் பெயருக்கு அடியில் ஒரு வீடு

எனக்குக் கையெழுத்து அழகு. என் மாமனார் ஒடிந்த காலோடு முக்கால் மணி நேரம் குளியலறை வாசலில் கிடந்ததற்குக் காரணம் அதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் காலனி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. மனை விற்ற வரிசையில் கதவு எண் கொடுத்திருந்ததால் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் எண்பத்தேழு இருக்கும். தாம்பரத்து நர்சிங் ஹோமிலிருந்து ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள், கூப்பிட்டவருக்கு மயக்கம் தெளிந்து டிரைவருக்கு வந்துவிடும்.

"வீடு வீடா ஒரு மேப் போட்டு, நர்சிங் ஹோம் போன் பக்கத்துல மாட்டிடலாம்" என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். நான் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். எல்லோரும் கைதட்டினார்கள். (அதற்கு முன் என் அருகில் யாராவது கைதட்டினால், அது கொசுவுக்காக இருக்கும்.)

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் டேப்பும் கையுமாக அலைந்தேன். கேட் எவ்வளவு அகலம், மாடிப்படி எந்தப் பக்கம், அதில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா, நாய் கட்டியிருக்கிறதா அவிழ்த்திருக்கிறதா, ஒன்றையும் விடவில்லை. கடைசியாக, எங்கள் தொழில் தர்மப்படி வலது கீழ் மூலையில் ஒரு கட்டம்: காலனி பெயர், அளவுகோல், வரைந்தவர் பெயர். கடைசிப் பெயரைக் கொஞ்சம் தாராளமாக எழுதினேன். கட்டம் பெருத்து, அந்த மூலையிலிருந்த நான்கு காலி மனைகளையும் ஒரு வீட்டையும் விழுங்கியது. அந்த வீடு என்னுடையது. நம் வீடு நமக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மாமனார் எங்களைப் பார்க்க வந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் காலை பத்து மணிக்குக் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். பக்கத்து வீட்டுக்கு ஓடிப் போன் செய்தேன்.

"மேப்பு கீது சார். அஞ்சே நிமிசம், வந்துகினே இருக்கேன்" என்றார் டிரைவர்.

சொன்னபடி சைரன் வந்தது. போனது. மறுபடி வந்தது. மறுபடி போனது. நான் மாமனாரின் கால் அசையாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மாப்ள, வண்டி அவுட்டர்ல நிக்குது போல" என்றார் கூரையைப் பார்த்தபடி.

"இதோ வந்துடும் மாமா."

"எங்க வருது? ரெண்டு தடவை நம்ம ஸ்டேஷன்ல நிக்காமலே போயிட்டான்."

என் மனைவி வசந்தா மொட்டைமாடிக்கு ஓடினாள். கொடியில் காய்ந்த துண்டை உருவி வீசுவது படபடவென்று கேட்டது.

"என்ன கலரும்மா காட்டுற?" என்று கீழேயிருந்து கத்தினார் மாமனார்.

"பச்சைப்பா!"

"பச்சைய காட்டினா போயிட்டேதான் இருப்பான். செவப்ப எடு."

சிவப்புப் புடவை பறந்தது. வண்டி நின்றது.

டிரைவர் வியர்த்து வழிய உள்ளே வந்தார். சுவரிலிருந்து பிய்த்தெடுத்த என் வரைபடம் அவர் அக்குளில் இருந்தது. "இன்னா சார் இது? எதுத்த வூட்டு நாய் வரிக்கும் போட்டுகீற. உன் வூட்ட காணோம். அந்த எடத்துல உன் பேருதான் கீது."

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே மாமனார் வரைபடத்தைக் கேட்டு வாங்கினார். கையை நீட்டிப் பிடித்து நிதானமாகப் பார்த்தார்.

"எழுத்து நல்லா இருக்கு" என்றார்.

மீதியைச் சொல்ல, மாவுக்கட்டு அவருக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்தது. எங்கள் வீட்டு வராந்தாவில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து பால்காரர், தபால்காரர், கீரைக்காரம்மா என ஒருவர் விடாமல் சொன்னார். கால் நன்றாகக் கூடிவிட்டது. கதை அதைவிட நன்றாக நடந்தது. சங்கம் புது வரைபடம் போடச் சொன்னது, வரைந்தவர் பெயர் கூடாது என்ற தீர்மானத்தோடு.

இன்றும் ஜங்ஷனில் ஆட்டோ ஏறி 'மேப்ல இல்லாத வீடு' என்றால் நேராக எங்கள் வாசலில் இறக்கிவிடுகிறார்கள். வழியில் காரணத்தையும் சொல்லிவிடுகிறார்கள். என் மகளைக் கட்டிக்கொண்ட பிறகு என் மாப்பிள்ளை முதன்முறையாகத் தனியாக வந்தபோது, ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டுதான் இறங்கினார்.