செயல்விளக்கத்துக்கு ஒரு காடு

உடன்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். அதன் பின்சுவரை ஒட்டிக் கொஞ்சம் காடு. தேரி எனும் செம்மணல் மேட்டில் உடைமரமும் விடத்தலையும் பனையுமாக நின்றது. உயிரியல் டீச்சர் ஈவாஞ்சலினுக்கு அதுதான் ஆய்வகம். உடும்பு போன தடத்தையும், கௌதாரி முட்டையிட்ட பள்ளத்தையும் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுவாள்.

இந்நிலையில் மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தது. 'காட்டின் பல்லுயிர் வளத்துக்கு மனிதரால் நேரும் அச்சுறுத்தல்கள் குறித்து மாணவர்களுக்கு விழிப்புணர்வு விழா நடத்தப்பட வேண்டும்.' தூத்துக்குடியிலிருந்து கல்வி அதிகாரியே வருகிறாராம். ஏற்பாட்டைப் பார்க்க அவருடைய உதவியாளர் காசிலிங்கம் முன்கூட்டியே வந்தார். காட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"பந்தல் எங்கன போடுறது? கார் எங்கன நிக்கும்? இதை எடுத்திருங்க."

"சார், இது காடு," என்றாள் ஈவாஞ்சலின்.

"புலி இருக்கா?"

"இல்ல சார். மயில், கீரி, உடும்பு..."

"யானை?"

"தேரியில ஏது சார் யானை?"

"அப்போ இது காடு இல்லம்மா. புதர்."

தலைமையாசிரியர் தேவதாசன் அவளைத் தனியே அழைத்தார். "விழிப்புணர்வுக்குக் குறுக்க நிக்காதீங்க டீச்சர். அப்புறம் ராமநாதபுரம் பக்கம் தூக்கி அடிச்சிருவாங்க."

சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் வாங்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். 'சரி சார்' என்றாள். ஜேசிபி வந்தது. சாயங்காலம் மயில்கள் போக்கிடம் தெரியாமல் சுற்றுச்சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஈவாஞ்சலின் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, விழாவுக்குப் புலி முகமூடி வெட்டினாள்.

காடு இருந்த இடத்தில் பந்தல் எழுந்தது. பந்தலுக்குள் ஃபிளெக்ஸில் புலியோடு அடர்ந்த காடு எழுந்தது. அதிகாரி உரையாற்றினார். "மனிதனின் பேராசை..." என்று நிறுத்திக் கண்ணைத் துடைத்தார், காசிலிங்கம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"சரி, காட்டுக்குப் பெரிய ஆபத்து எது? யார் சொல்லுவீங்க?"

எட்டாம் வகுப்பு விஜிலா எழுந்தாள். "ஜேசிபி சார்!"

"அருமை! அதை எங்கம்மா பாத்த?"

"இங்கனதான் சார். நீங்க நிக்கிற இடத்துலதான் காடு இருந்துச்சு."

 தேவதாசன் காசிலிங்கத்தைப் பார்த்தார். காசிலிங்கம் ஃபிளெக்ஸ் புலியைப் பார்த்தார். அதிகாரியோ பதவி நாற்காலியிலேயே பழுத்தவர்.

"பாத்தீங்களா! புத்தகத்துல படிச்சா மறந்துபோகும். கண்ணு முன்னால அழிச்சுக் காட்டினா மறக்குமா? இதுதான் செயல்விளக்கக் கல்வி! யாரோட யோசனை?"

தேவதாசன் சட்டென்று ஈவாஞ்சலினை மேடைக்குத் தள்ளிவிட்டார். 'என் யோசனை இல்ல சார்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் தோளில் சால்வை விழுந்தது. கேமராக்காரர் "சிரிங்க மேடம்" என்றார். சிரித்துவிட்டாள்.

செயல்விளக்கம் எல்லாப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. உடனே டவுன் பள்ளிகள் புலம்பின: "எங்க வளாகத்துல அழிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையே!" மேலிடம் ஆழ்ந்து பரிசீலித்து ஆணையிட்டது: காடில்லாப் பள்ளிகள் உடனடியாகக் காடு வளர்த்து, அது உரிய வளர்ச்சி எய்தியதும் செயல்விளக்கம் நடத்த வேண்டும்.

ஈவாஞ்சலினின் பள்ளியும் இப்போது காடில்லாப் பள்ளிதான்.

"என்ன மரம் வைக்கலாம் டீச்சர்?" என்று கேட்டார் தேவதாசன்.

"பனை சார்."

"அது வளர எம்புட்டு நாளாகும்?"

"அதுக்குள்ள நாம ரெண்டு பேரும் ரிட்டயர் ஆயிருவோம் சார்."

தேவதாசனுக்கு மூச்சு வந்தது. "அப்போ வைங்க. வெட்டுறதை வாரவங்க பாத்துக்கிடட்டும்."