பதினேழு நாள் தக்காளிக் குழு

உலகில் எத்தனையோ குழுக்கள் கூடிக் கலைந்திருக்கின்றன. தக்காளிக்காகப் பதினேழு நாள் உழைத்தது எங்கள் குழு ஒன்றுதான். செயலாளர் அடியேன்.

எங்கள் அலுவலகக் குழந்தைகள் காப்பகத்தில் முப்பது பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு இயற்கைத் தக்காளியா, உள்ளூர்த் தக்காளியா, மருந்தடித்த சந்தைத் தக்காளியா? முடிவாகும்வரை காய்கறியே வாங்கக்கூடாது என்று மேலாளர் உத்தரவிட்டார். அவ்வளவு அக்கறை! பெற்ற வயிறுதான் சரியாகத் தீர்ப்புச் சொல்லும் என்று, அங்கே பிள்ளையை விட்டிருக்கும் ஐந்து பேரைக் குழுவில் போட்டார். தன்னையும் சேர்த்து.

மூன்று கூடை மாதிரியைச் சீட்டு ஒட்டி, கூட்ட அறை மேசையில் வைத்தோம். முதல் வாரம் 'இயற்கை' என்றால் என்ன என்று விவாதித்தோம். இரண்டாம் வாரம் 'உள்ளூர்' எத்தனை கிலோமீட்டர் என்பதில் இருவருக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

காப்பகச் சமையல்கார அக்கா தினமும் வாசலில் வந்து நிற்பார்.

"பிள்ளைங்க எத்தனை நாளைக்கு சார் வெறுஞ்சோத்தைத் திங்கும்? ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலைங்களேன்!"

"அவசரப்பட்டா ஆகுமாம்மா? பிஞ்சு வயித்து விஷயம்!" என்பார் மேலாளர்.

பதினேழாம் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடினோம். இயற்கைக் கூடையில் புழுக்கள் குடும்பம் நடத்தின. உள்ளூர்க் கூடை ஒழுகிக் கோப்புகளை நனைத்திருந்தது. சந்தைத் தக்காளி மட்டும் வந்த அன்றைய பளபளப்போடு உட்கார்ந்திருந்தது.

"பாத்தீங்களா, என்ன ஒரு கட்டுப்பாடு!" மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவர் ஒரு தக்காளியை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"பக்கத்துக் கூடையில இத்தனை புழு நெளியுது. ஒண்ணுகூட இதை எட்டிப் பார்க்கலை. புழு ஒதுக்கினதையா சார் பிள்ளைங்களுக்குப் போடச் சொல்றீங்க?"

"புழு நம்ம குழுவுல உறுப்பினர் இல்லைம்மா" என்றேன்.

சொன்னபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. நடவடிக்கைக் குறிப்பில் வெட்கத்துக்குக் கட்டம் இல்லாததால் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளே தீர்மானம் அமலுக்கு வந்தது. காப்பகத்துக்கு இருபத்தைந்து பிள்ளைகள் வழக்கம்போல் வெறுங்கையோடு வந்தார்கள். ஐந்து பிள்ளைகள் புதிதாக வீட்டுச் சாப்பாட்டு டப்பாவோடு வந்தார்கள். அதில் ஒருத்தி என் மகள்.

அக்கா ஐந்து டப்பாக்களையும் அலமாரியில் அடுக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுவும் ஏகமனதுதானா சார்?"