தேசிக்காயர் பார்த்த முகம்

மனிதரின் வயிற்றுக்குள் இருப்பதை முகத்தில் வாசித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் இந்த உலகத்தில் குறிகட்டுவான் இறங்குதுறையில்தான் நிற்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்ப்பதை இவர் சைக்கிளில் சாய்ந்துகொண்டே பார்த்துவிடுவார். வீட்டில் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. துறையில் எல்லோருக்கும் அவர் தேசிக்காயர்.

தொழில் தொப்பி விற்பது. சைக்கிள் கரியரில் பனையோலைத் தொப்பிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஹாண்டிலில் தொங்கும் பைக்குள் இறுப்பிட்டியில் அவர் வீட்டு மரத்துத் தேசிக்காய்கள், அதாவது எலுமிச்சங்காய்கள். அவை விற்பனைக்கு இல்லை. நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ வள்ளம் ஏற வருகிறவர்களை வரிசையில் வைத்தே ஒரு பார்வை பார்ப்பார். கடலில் வாந்தி, எங்கள் பேச்சில் சத்தி, எடுக்கப்போகிற ஆளின் கையில் ஒரு தேசிக்காயை வைப்பார். கடுமையான ஆள் என்றால் இரண்டு. "மணந்துகொண்டு இரும்" என்பதற்கு மேல் விளக்கம் கிடையாது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பிறகு வாடகை வான் ஓடப் போனவன். யாழ்ப்பாணத்தில் ஆட்களை ஏற்றி, பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, வேலணை, புங்குடுதீவு என்று ஒரு மணித்தியாலம் ஓடி, குறிகட்டுவானில் இறக்குவேன். அவர்கள் திரும்பும்வரை மற்ற சாரதிகள் நித்திரை கொள்வார்கள். நான் கைப் பிரேக் போட்ட வானுக்கு நாலு சில்லிலும் கல் வைத்துவிட்டு, கடலைப் பார்த்தபடி நிற்பேன். ஒரு வள்ளம் தாழ்வதற்கு எத்தனை வழி இருக்கிறதோ அத்தனையும் எனக்கு மனப்பாடம். இந்தத் துறைக்கு ஓடத் தொடங்கிய பதினைந்து வருடத்தில் ஒருநாளும் ஏறியதில்லை.

ஒருமுறை சுவிசிலிருந்து வந்த ஒருவரைக் குடும்பத்தோடு கொண்டுபோனேன். தூண் மாதிரி உடம்பு, கழுத்தில் பெரிய கமெரா. தேசிக்காயர் ஒரு காயை நீட்டினார்.

"ஐயா, நான் ரெண்டு நாள் கப்பலிலை போனனான். எனக்கு உது தேவையில்லை."

"கப்பல் உம்மைக் கொண்டு போனது தம்பி. வள்ளம் உம்மைத் தூக்கி எறிஞ்சு பிடிக்கும். இந்தாரும், மற்றதையும் பிடியும்."

பின்னேரம் அந்தத் தூணை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். முன்னால் அவருடைய மாமியார் வெற்றிலை போட்டபடி கமெராவைச் சுமந்து வந்தா.

"நெடுந்தீவுக் குதிரையளை வடிவாப் பாத்தம் தம்பி. மருமோன்தான் ஒண்டையும் பாக்கேல்லை."

இன்னொருநாள் கலியாணம் முடித்த கையோடு நயினாதீவு அம்மனுக்குப் போக ஒரு சோடி வந்தது. மாப்பிள்ளையின் கையில் இரண்டு காயை வைத்துவிட்டு, பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அவரைக் காத்து வாற பக்கம் இருத்திப் போடாதையும். கூறைச்சீலை பாவம்."

தீவுக்குப் போக நினைக்கிற வாசகர்களுக்கு, அவர் அன்றாடம் சொல்வதையே தருகிறேன். காலை வள்ளத்தைப் பிடியுங்கள். நயினாதீவு சுருக்காக வந்துவிடும். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், நிறைத்துக்கொண்டும் ஏறாதீர்கள். இரண்டு துண்டுப் பாணும் பால் விடாத ஒரு பிளேன்ரீயும் போதும். றோல்சும் வடையும் திரும்பி வந்த பிறகு. நடுவில் இருங்கள், எஞ்சின் புகைக்குள் வேண்டாம். போனைப் பார்க்காமல் தூரத்துக் கரையைப் பாருங்கள். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோழகக் காற்றில் கடல் எழும்பும். மாசி, பங்குனியில் குளம்போலக் கிடக்கும். நெடுந்தீவில் நிழல் குறைவு, தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்கட்டும். நயினாதீவில் கோயிலுக்கும் விகாரைக்கும் செருப்பைக் கழற்ற வேண்டும். மத்தியானத்தில் மணல் காலைப் பொரித்துவிடும். திரும்பி வரும் கடைசி வள்ளம் எத்தனை மணிக்கென்று இறங்கும்போதே கேட்டு வையுங்கள். அதற்கு அவர் சொல்லும் காரணம்: "நெடுந்தீவிலை குதிரை நிக்கும், வள்ளம் நிக்காது."

இப்படி ஒருநாளும் பிழைக்காத மனிதர் முன்னால்தான் என் மகள் சுகந்தியைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

பட்டம் எடுத்து நாலு வருடம் காத்திருந்து கிடைத்த கணக்கு ரீச்சர் வேலை. பள்ளிக்கூடம் நெடுந்தீவில். நாளாந்தம் வள்ளத்தில் போய் வர வேண்டும். இவளோ சின்ன வயதில் கோயில் ஊஞ்சலிலேயே சத்தி எடுத்தவள். கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். தேசிக்காயர் என்ன சொல்கிறாரோ அதுதான்.

"அண்ணை, இவ என்ரை மகள். இண்டைக்குத்தான் முதல் நாள். சத்தி எடுப்பா எண்டு நீங்கள் சொன்னால், இப்பவே திருப்பிக் கொண்டு போறன். வேலையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

"அப்பா, நாலு வருசம் காத்திருந்தனான்!" என்றாள் சுகந்தி. கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

தேசிக்காயர் வழக்கமாக ஒரு கண்வெட்டில் முடிக்கிறவர். அன்று நெடுநேரம் எடுத்தார். அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இவவோ? இவவுக்கு வயிறு இரும்பு. நீர்தான் எடுப்பீர்."

"நான் வள்ளத்திலை ஏறவே இல்லையே அண்ணை!"

"அதுக்கென்ன?"

சுகந்தியின் கையில் தேசிக்காய் வைக்கவில்லை. தொப்பி அடுக்கைக் கொஞ்ச நேரம் கிண்டி, ஒரு தொப்பியை மல்லாத்தி, விளிம்பை மடித்துப் பிடித்தபடி கொடுத்தார். "இப்ப போடாதையும் பிள்ளை. கையிலையே வைச்சிரும்."

வள்ளத்தடிவரை அவரே அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட்டு வந்தார். வள்ளம் புறப்பட்டது. முதலாவது அலையில் முன்பக்கம் எழும்பியது, இறங்கியது. இரண்டாவது அலையில் இன்னும் கொஞ்சம். மூன்றாவது அலையில் நான் வான் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, காலை தின்ற பாண் முழுவதையும் எடுத்துவிட்டேன். தேசிக்காயர் வந்து முதுகைத் தடவி, மூக்கடியில் ஒரு காயைப் பிடித்தார்.

"நான் சொன்னனான்" என்றார்.

பின்னேரம் அவள் முகம் கழுவி, சிரித்தபடி இறங்கினாள். "எப்பிடிப் பிள்ளை?" "ஒண்டுமில்லை அப்பா." அடுத்த நாளும் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. தேசிக்காயரின் கண் பெருமையை வானில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் சொன்னேன். நான் சத்தி எடுத்த பகுதியை மட்டும் விட்டுவிடுவேன்.

ஒரு தவணை முடிந்து விடுமுறை விட்ட அன்று, வேலணை தாண்டி வரும்போது சுகந்தி சொன்னாள்.

"அப்பா, முதல் கிழமை நாளுக்கு மூண்டு தரம் எடுத்தனான்."

வானை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

"தொப்பிக்குள்ளை அவர் நாலு தேசிக்காயும் ஒரு கட்டுப் பொலித்தீன் பையும் வைச்சுத் தந்தவர். வள்ளக்காறரிட்டைச் சொல்லி நடுவிலை இடமும் பிடிச்சு வைச்சவர். பத்து நாளிலை பழகும், அதுவரை கொப்பருக்குச் சொல்லாதையும் எண்டவர். பத்தாம் நாள் நிண்டிட்டுது."

விடுமுறை முடிந்து அவளைக் கொண்டுபோன முதல் காலை, நேரே அவரிடம் போனேன்.

"அண்ணை, என்ரை மகளின்ரை முகத்தைப் பிழையாப் பாத்திட்டியள்."

தொப்பிகளைச் சரிசெய்தபடியே சொன்னார்:

"அவவின்ரை முகத்தை ஆர் பாத்தது? நான் பாத்தது உம்மடை முகத்தை."

இப்போது நெடுந்தீவு வள்ளத்தில் வாந்தி எடுக்கிற புது ரீச்சர்மாரின் தலையைப் பிடிப்பது சுகந்திதானாம். தேசிக்காயருக்கும் வயது போகிறது. சில காலைகளில் பிந்தி வருகிறார். அப்படியான நாட்களில் மகளை ஏற்றிய வள்ளம் கண்ணுக்கு மறைந்த பிறகும் நான் அடுத்த ஓட்டத்துக்கு வானை எடுப்பதில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இறுப்பிட்டிப் பக்கத்து றோட்டையே பார்த்தபடி நிற்கிறேன், அந்தச் சைக்கிள் வரும்வரை.