ஜப்பான் அண்ணாச்சியின் குட்டை வாசல்

தாமிரபரணித் தண்ணீரில் தேநீர் போட்டு, அதைக் குடிக்க மனிதரைத் தவழ வைத்தவர் இந்தப் பூமியிலேயே எங்கள் ஜப்பான் அண்ணாச்சி ஒருவர்தான்.

பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் குடியிருந்தார். யோகோஹாமா ஹோட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவிவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு மண் கிண்ணத்தோடு தேநீர்ச் சடங்கு என்கிற பித்தையும் கொண்டுவந்திருந்தார். வந்ததும் மாடி வாசலின் மேல்பாதியில் பலகை அடித்துவிட்டார். அந்தக் காலத்து ஜப்பான் வீரர்கள்கூட வாளை வெளியே வைத்துவிட்டு, குட்டை வாசலில் தவழ்ந்துதான் தேநீர் அறைக்குள் போவார்களாம். உள்ளே பெரியவன் சின்னவன் கிடையாதாம். எங்களிடம் வாள் இல்லாததால் செல்போனைப் பிடுங்கி வைத்தார். கேஸ்காரர் சிலிண்டரை முன்னால் உருட்டிவிட்டுப் பின்னால் தவழ்ந்தார்.

உள்ளே முதலில் இனிப்பு, அதற்குச் சில்லுக்கருப்பட்டி. பிறகு பச்சைத் தேயிலைப் பொடியை வெந்நீரில் நுரைக்க அடித்துத் தருவார். பிக்குகள் தியானத்தில் தூங்கி வழியாமலிருக்கச் சீனாவிலிருந்து கொண்டுபோன பழக்கம் என்பார். பொடி தீர்ந்தால் முருங்கையிலைப் பொடி. பிக்குகள் யாரும் வந்து கேட்கவில்லை.

கிண்ணத்தின் அழகான பக்கத்தை நம்மைப் பார்க்க வைத்துத் தருவார். அதில் வாய் வைப்பது மரியாதையில்லை. இரு கையாலும் பைய திருப்பி, மறுபக்கம் குடிக்க வேண்டும். நான் பழக்கதோஷத்தில் அண்ணாந்து ஊற்றப் போனேன்.

“வாய வச்சுக் குடியும் வே. அண்ணாந்து ஊத்துததுக்கு இதென்ன செம்புத் தண்ணியா?”

அதோடு என்னைத் தள்ளி வைத்துவிட்டார், என் வீட்டு மாடியிலிருந்தே.

அவருக்கு ஒரே ஆசை. தன் கையால் ஒரு ஜப்பான்காரர் தேநீர் வாங்கிக் குடித்து நன்றாயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். யோகோஹாமாவில் எச்சில் கிண்ணம்தான் அவர் கைக்கு வந்தது.

நான் வேலை பார்க்கும் காற்றாலைக் கம்பெனிக்கு ஓர் இளம் ஜப்பான் இன்ஜினியர் வந்தார். தள்ளி வைத்த அண்ணாச்சியே அவரை அழைத்துவரச் சொல்லி நச்சரித்தார். இந்தக் கூத்துக்கு நான் தரகனா என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. கம்பெனியில் யாருக்கும் தெரியாமல் அழைத்துவந்தேன்.

இன்ஜினியர் தவழ்ந்தார், மண்டியிட்டார், கால் மரத்துச் சாய்ந்தார். தான் ஊரில் டப்பா காப்பி குடிக்கிறவன், சடங்கெல்லாம் பார்த்ததே இல்லை என்று என் காதில் ஆங்கிலத்தில் சொன்னார். கிண்ணம் வந்தது. பாவம், எங்கள் கேன்டீனில் கற்ற மரியாதையைக் காட்டினார். கிண்ணத்தைத் தூக்கி அண்ணாந்து ஊற்றினார். தேநீர் மூக்கில் ஏறி, வெள்ளைச் சட்டையெல்லாம் பச்சை.

நான் சிரித்துவிட்டேன். இன்ஜினியர் முகம் சிவந்து தலைகுனிந்தார்.

அண்ணாச்சி கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் தனக்கொரு கிண்ணம் அடித்தார். தூக்கினார். அண்ணாந்து ஊற்றினார். தாடை வழியாக இறங்கி, பொத்திப் பொத்தி வைத்திருந்த ஜப்பான் அங்கி முழுக்க நனைந்தது.

“எங்க ஊர்ல இப்படித்தான் குடிப்போம், அவர் செஞ்சது சரிதான்னு சொல்லும்” என்றார் என்னிடம்.

சொன்னேன். இன்ஜினியர் பாயில் நெற்றி படக் குனிந்து வணங்கினார். இன்னொரு கிண்ணம் கிடைக்குமா என்று கேட்டார்.

அவர் போனபின், நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றேன்.

“ரெண்டாவது கேட்டாரே வே.”

அண்ணாச்சி இப்போது நாங்குநேரியில் மகள் வீட்டில் இருக்கிறார். மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பலகையைப் பிடுங்கச் சொல்கிறார்கள். நான் விடவில்லை. அந்த வாசலில் நான் தவழ்ந்திருக்கிறேன்; குனிய வேண்டியது இன்னும் பாக்கியிருக்கிறது.