மாப்பிள்ளை கலக்கும் ஜின்னும் மாமியார் காய்ச்சிய பாகும்

பட்டாபிராம்,
14-2-1991

அன்புள்ள மாப்பிள்ளை ஜேம்ஸ் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் அய்யாசாமி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் மாமியாரும் நலம். பெரம்பூரில் உங்கள் நலத்தையும், வனஜாவின் நலத்தையும், இன்னும் பெயர் வைக்காத அந்த மூன்றாவது ஆளின் நலத்தையும் அறிய ஆவல். 'மாப்பிள்ளை' என்ற வார்த்தையை எழுதுவதற்குள் மூன்று தாள் கிழிந்தது. கல்யாணத்துக்கு வராதவன், இரண்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவன், இப்போது உறவு கொண்டாடுகிறானே என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். "ஓட்டல்ல சரக்கு ஊத்திக் குடுக்கறதெல்லாம் ஒரு வேலையா?" என்று நான் கேட்டதும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். வனஜா எதையும் மறைக்கிற பெண் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வனஜாவுக்கு வளைகாப்பு வைத்திருக்கிறோம். 'அப்பா அவரைக் கூப்பிடாவிட்டால் நானும் வரமாட்டேன்' என்று அவள் அம்மாவுக்கு எழுதிவிட்டாள். உங்கள் மாமியார் கன்னியம்மா அந்தக் கடிதத்தை என் சாப்பாட்டுத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். சோறு வைக்கவில்லை.

அதே கடிதத்தில், ஜின்னில் எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பாகும் விட்டு, ஐஸ் போட்டுக் குலுக்கி, மேலே சோடா ஊற்றி நீங்கள் கொடுப்பதற்காகவே ஆட்கள் தேடி வருகிறார்கள் என்று பெருமையாக எழுதியிருந்தாள். நான் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாக இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறவன். கையில் வாங்கிப் பார்க்காத சாமானை ஒருநாளும் ரிஜெக்ட் செய்ததில்லை. உங்கள் வேலையை மட்டும் பார்க்காமலே தள்ளிவிட்டேனே என்று உறுத்தியது. நானே ஒருமுறை செய்து பார்த்துவிடுவது, பிறகு உங்களைக் கூப்பிடுவது என்று முடிவு செய்தேன்.

பக்கத்து வீட்டுத் தங்கவேல் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கேண்டீனில் மாதா மாதம் பாட்டில் கிடைக்கும். "ஜின்னா? இன்னா அண்ணாத்தே, அது சென்ட்டு மாரி கீது. ரம்மு எத்துக்கினு போ" என்று எவ்வளவோ சொன்னார். கடைசியில் ஒரு பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கொடுத்து, அவர் மனைவி சுசீலாவுக்குத் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். ஆனால் எங்கள் வீட்டு வரிசையிலேயே பிரிட்ஜ் இருப்பது அந்தச் சுசீலாவிடம் மட்டும்தான். ஐஸ் எதற்கு என்று அவர் கேட்டார். "கால் சுளுக்கு" என்று வாயில் வந்துவிட்டது. வீடு வரைக்கும் நொண்டிக்கொண்டே வந்தேன். அரை மணி நேரத்தில் சுசீலா பற்று அரைத்து எடுத்துக்கொண்டு வந்து காலில் அப்பிவிட்டுப் போனார், சாயங்காலத்துக்குள் பாதி வரிசை சாத்துக்குடியும் ரொட்டியுமாக என்னைப் பார்க்க வந்துவிட்டது, எந்தக் கால் என்று எனக்கே இரண்டு முறை மறந்துபோய் நல்ல காலை நீட்டினேன்.

அவர்கள் போனதும் கன்னியம்மாவைப் பாகு வைக்கச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்தது அதிரசப் பாகு ஒன்றுதான். வெல்லம் போட்டுக் காய்ச்சி, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்து, ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டு இறக்கினாள். மீதி இருந்த ஐஸ், ஜின், எலுமிச்சைச் சாறு எல்லாவற்றையும் எவர்சில்வர் தூக்கில் போட்டு அந்தப் பாகை ஊற்றினேன். ஐஸ் பட்டதும் அது கல்லாக இறுகிவிட்டது. குலுக்கினேன். "இன்னாயா இது, உண்டியல் மாரி சத்தம் கேக்குது?" என்றாள். இன்னும் கொஞ்சம் வேகமாகக் குலுக்கினேன், மூடி பறந்தது, பாதி அவள் புடவையிலும் மீதி என் பற்றுப் போட்ட காலிலும் கொட்டியது.

மறுநாளும் நொண்டிக்கொண்டு போய் ஐஸ் வாங்கி வந்தேன். இந்த முறை சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து ஒரு கொதியில் இறக்கினாள். "பதமே வராத பாகு. யாருனா பாத்தா என் மானம் பூடும்" என்று முணுமுணுத்தாள். ஒரு டம்ளர் புளித்தது. அடுத்தது பாயசம் போல இனித்தது. அதற்கடுத்ததில் பழத்தை அழுத்திப் பிழிந்து தோலின் கசப்பை இறக்கிவிட்டேன். ஒவ்வொரு எலுமிச்சம்பழமும் ஒவ்வொரு மாதிரி, மாப்பிள்ளை. இதற்கு வரைபடம் கிடையாது, அளந்து பார்க்கக் கேஜ் கிடையாது, நாக்கும் கையும்தான். தலைமுடி அளவு பிசகைக் கண்டுபிடிக்கிறவன் என்று பெயர் எடுத்த நான், ஒரு டஜன் பழத்திடம் தோற்றுப்போனேன். குடிப்பழக்கம் இல்லாதவன், ஸ்பூன் ஸ்பூனாக ருசி பார்த்ததிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்துவிட்டது.

"தப்பு பண்ணிட்டேன், கன்னிம்மா. அந்தப் புள்ள நின்னுகினே தெனம் நூறு பேருக்கு இத்த செய்துகினு கீறாரு. நான் வாய்க்கு வந்தத பேசிட்டேன்" என்றேன்.

"எங்கைல இன்னாத்துக்கு சொல்ற? அவராண்ட சொல்லு" என்றாள்.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நான் பேசியது தப்பு. உங்கள் வேலையைப் பற்றிப் பேச எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. என் பெண்ணை இரண்டு வருஷமாக நீங்கள் கண்கலங்காமல் வைத்திருப்பது அவள் எழுத்திலேயே தெரிகிறது. 24ஆம் தேதி அவசியம் வர வேண்டும். அன்று நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், எதையும் தொட வேண்டாம். நானே என் கையால் கலக்கித் தருகிறேன். தங்கவேலிடம் இன்னொரு பாட்டிலுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீங்களும் வனஜாவும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மனசார ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
அய்யாசாமி

பி.கு.: மேலே சொன்னதில் வளைகாப்பைத் தவிர வேறு எந்த ஏற்பாடும் இப்போது இல்லை. கடிதத்தைப் படித்துக் காட்டியதும் கன்னியம்மா சத்தம் போட்டாள். "மாப்பிள்ளய எவனாவது தபால்ல கூப்புடுவானா? வெத்தல பாக்கு எத்துக்கினு ஊட்டுக்குப் போய்க் கூப்புடணும்" என்றாள். வளைகாப்பு நாளில் ஜின் என்ற பேச்சே எடுக்கக் கூடாதாம், வருகிறவர்களுக்கு மோர்தானாம். ஆகவே நாளைக் காலை முதல் வண்டியில் இரண்டு பேரும் பெரம்பூருக்குக் கிளம்புகிறோம். உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச வாய் வராது. அதனால் இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் படிக்கிற வரைக்கும் தாம்பாளத்தோடு வாசலில் நிற்பேன். படித்துவிட்டீர்கள் என்றால் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள், மாப்பிள்ளை.